ஒரு துளியும் விழாது

குலசேகரம் வானிலைக்காரர். லண்டனில், எட்மண்டன் பக்கம், தன் வீட்டுப் பின்வளவில் காயப்போட்ட சாரம் மழையில் நனைந்துகொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் உள்ளே இருந்து, அமெரிக்காவின் கன்சாஸ் சமவெளியில் மூன்று மாதம் கழித்து என்ன பெய்யும் என்று எழுதிச் சம்பளம் வாங்குகிற வகை வானிலைக்காரர். அந்தச் சமவெளியை அவர் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. கண்டால் எழுத வராமல் போய்விடுமோ என்று ஒரு பயமும் அவருக்கு உண்டு.

கோயிலுக்குப் போனால் ஆட்கள் விடமாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சண்முகராசா பிடித்துக்கொள்வார். அவருக்கு ஞாயிறு தவறினாலும் சனிக்கிழமை தோட்டத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டியாகவேண்டும்.

"தம்பி, வாற சனிக்கிழமை மழையோ?"

"சனிக்கிழமை எனக்குத் தெரியாது அண்ணை. மூண்டு மாதத்தைக் கேளுங்கோ, சொல்லுறன்."

"மூண்டு மாதத்துக்கு இறைச்சி தாங்குமோ?"

குலசேகரம் மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவருடைய தொழில் அப்படி. மழை கூடுவதற்கு நூற்றுக்கு இத்தனை வீதம், குறைவதற்கு இத்தனை வீதம், வழக்கம்போல இருப்பதற்கு மிச்சம் என்று பங்கு பிரித்து எழுதுவார். என்ன நடந்தாலும் அதற்கும் ஒரு பங்கு கொடுத்திருப்பார் என்பதால், இத்தனை வருடத்தில் அவர் முழுப்பிழையாக இருந்ததே இல்லை. முழுச்சரியாகவும் இருந்ததில்லை, ஆனால் அதைக் கேட்கிற அளவுக்கு அவருடைய வாடிக்கையாளர்களான காப்புறுதிக் கம்பனிகளுக்கு நேரம் கிடையாது.

இந்த வருட வசந்தத்துக்கான எதிர்வுகூறலை மாசியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். கன்சாஸின் மேற்குப் பக்கம் ஏப்ரல் முழுக்கக் காயும். மே மாதக் கடைசியில் மழை வழக்கத்தைவிடக் கூடுவதற்கு நாற்பத்தைந்து வீதம். வந்தால் இடி, ஆலங்கட்டி, சுழல்காற்று என்று குடும்பத்தோடு வரும். மேலாளர் நன்றாக இருக்கிறது என்றார். குலசேகரமும் அப்படித்தான் நினைத்தார்.

அவருடைய ஒரே மகள் ஜதுர்ஷிகா மாட்டு வைத்தியம் படித்தவள். தகப்பன் படத்தில் மட்டும் பார்த்த அதே கன்சாஸுக்கு வேலைக்குப் போனாள்; போன இடத்தில் வெஸ்லி என்ற பெடியனைப் பிடித்துக்கொண்டாள். பெடியனின் தகப்பன் டேல், கோதுமை விவசாயி. செய்தி வந்ததும் குலசேகரத்தின் மனைவி வசந்தமலர் இரண்டு கிழமை அழுதாள், மூன்றாம் கிழமை சேலைக்கடைக்குப் போனாள். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, டேலின் வீட்டு முற்றத்தில், திறந்த வெளியில் தாலி கட்டு என்று முடிவாயிற்று.

நாள் வைக்கிற சடங்கை மார்ச் இரண்டாம் கிழமையில் போனில் வீடியோ போட்டுத்தான் செய்தார்கள். எட்மண்டன் பக்கம் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். கன்சாஸ் பக்கம் தொப்பி போட்ட டேல். வசந்தமலர் முதல்நாளே கணவருக்குச் சட்டம் போட்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நாள் வச்சா கலியாணம் முடியுமட்டும் இந்த வீட்டில ஒரு கூடாத கதை கதைக்கப்படாது. உங்கட வீதம், பங்கு எல்லாம் ஒஃபிசோட வச்சுக்கொள்ளுங்கோ."

எல்லாம் நல்லபடியாக முடிந்து போனை வைக்கப்போகிற நேரத்தில் டேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சேகர், நீங்கள் வானிலைக்காரர் என்று வெஸ்லி சொன்னான். மே மாதம் இங்கே மழை எப்படி இருக்கும்?"

(அவர்கள் பேசியது ஆங்கிலம். குலசேகரத்தின் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் யாருக்கும் நன்மை இல்லை.)

குலசேகரம் வாயைத் திறந்தார். நாற்பத்தைந்து வீதம் நாக்கு நுனியில் நின்றது. மேசைக்குக் கீழே வசந்தமலர் அவருடைய தொடையில் நல்ல நுள்ளாக ஒரு நுள்ளு நுள்ளினாள்.

"ஒரு துளியும் விழாது," என்றார் குலசேகரம்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக. வானம் துடைத்துவைத்தது போல இருக்கும். மே மாதம் முழுக்க."

மே மாதம் முழுக்க என்று சேர்க்கச் சொல்லி வசந்தமலர் நுள்ளவில்லை. அது அவர் சொந்தமாகப் போட்டது. நிச்சயம் என்ற சொல்லை வாழ்க்கையில் முதன்முதலாக வாயில் போட்டுப் பார்த்தவருக்கு அது இனித்துவிட்டது. சாதகம் பார்க்கிற சாத்திரிமார் ஏன் இந்தத் தொழிலை விடுகிறார்கள் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. டேல் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஜதுர்ஷிகாவின் போன் வந்தது. அவள் ஆங்கிலத்தில் தொடங்கினால் வேலை விஷயம். தமிழில் தொடங்கினால் கோபம்.

"அப்பா, நீங்கள் டேலுக்கு என்ன சொன்னீங்கள்?"

"ஏன் பிள்ளை?"

"அவர் மாடுகளை கோதுமைக்குள்ளயே விட்டிட்டார்."

குலசேகரத்துக்கு இதில் தனக்கு என்ன பங்கு என்று தெரியவில்லை. மகள் பொறுமையாக விளக்கினாள். அங்கே கோதுமையைப் பனிக்கு முன்னமே விதைத்துவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க மாடுகள் அந்தப் பயிரை மேயும், அதனால் பயிருக்குக் கேடில்லை. மார்ச் நடுவில் மாடுகளை வெளியே எடுத்துவிட்டால் பயிர் நிமிர்ந்து கதிர் தள்ளும். எடுக்காவிட்டால் தண்டையும் தின்றுவிடும், பிறகு அந்த வருடம் மணி இல்லை. மழைக்கு வழியே இல்லை என்று தெரிந்த வருடத்தில் மட்டும், மாடாவது கொழுக்கட்டும் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். இந்த வருடம் என்ன செய்வது என்று டேல் நித்திரை இல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் சம்பந்தியிடம் கேட்டிருக்கிறார்.

"அவர் கலியாணத்துக்கு மழை வருமோ எண்டு கேட்கிறார் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"கலியாணத்துக்கு ஆர் அப்பா கேட்டது? நீங்கள் ஒரு கோதுமை விவசாயிக்கு மழையே வராது எண்டு ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறீங்கள்."

பக்கத்தில் நின்ற வசந்தமலர் போனை வாங்கினாள். "நாலு மாடு ரெண்டு புல்லுத் திண்டால் என்ன பிள்ளை?"

"நாலு இல்லை அம்மா, முந்நூறு. அது அவருடைய முழு வருசம். இந்தக் கிழமைக்குள்ள எடுக்காட்டி முடிஞ்சுது. லண்டனில இருக்கிற சம்பந்தி பெரிய ஆள், அவர் சொன்னால் சொன்னதுதான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறார். நான் சொல்லிப்பார்த்தன், கேட்கிறார் இல்லை. அப்பாதான் சொல்லோணும்."

பெரிய ஆள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். காசு கொடுக்கிற காப்புறுதிக் கம்பனிக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, பெண் எடுக்கிற சம்பந்திக்குப் புளுகியிருக்கிறார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"நான் எடுத்துச் சொல்லுறன்," என்றார்.

"என்னெண்டு சொல்லுவியள்? கலியாணத்தண்டு இடி இடிக்கும் எண்டோ?" வசந்தமலருக்குக் குரல் ஏறியது. "நாள் வச்ச வீட்டில, உங்கட வாயாலயோ?"

"பேசாமல் விட்டா, அந்த மனுசன்ர பயிரைத் திண்டவன்ர மகள் எண்டு இவள் அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கோணும்."

வசந்தமலர் கதிரையை இழுத்து அதில் இருந்தாள். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"எடுங்கோ," என்றாள். பிறகு, "மழை எண்டு சொல்லாதேங்கோ. குளிர்ச்சியா இருக்கும் எண்டு சொல்லுங்கோ," என்றும் சொல்லிப் பார்த்தாள்.

டேல் வெளியில் நின்றார் போல. போனுக்குள் காற்று இரைந்தது. இருபது வருடமாக வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் கீறிய காற்றைக் குலசேகரம் இப்போதுதான் முதன்முதலாகக் காதால் கேட்டார். அம்புக்குறியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கவேண்டும்.

முதலில் அவர் சுகம் விசாரித்தார். பிறகு பசிபிக் கடலின் வெப்பநிலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். டேல் உம் கொட்டிக்கொண்டிருந்தார். இனிச் சுற்ற இடமில்லை என்று ஆனபிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"டேல், அன்றைக்கு நான் சொன்னது எதிர்வுகூறல் இல்லை. எங்கள் ஆட்களிடம் கலியாண வீட்டில் எதைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் சொல்வோம். நீங்கள் கலியாணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைத்து, ஒரு மரியாதைக்குச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்கவேண்டும்."



"அப்படியென்றால் உங்கள் எதிர்வுகூறல் என்ன?" என்று கேட்டார் டேல்.

"மே மாதக் கடைசியில் மழை கூடுவதற்கு நாற்பத்தைந்து வீதம்."

"அது வரும் என்பதா, வராது என்பதா?"

மேலாளர் கேட்காத கேள்வி. காப்புறுதிக்காரர் கேட்காத கேள்வி. சண்முகராசா அண்ணை கிட்டத்தட்டக் கேட்டது.

"எனக்குத் தெரியாது," என்றார் குலசேகரம். சொன்ன பிறகு, மானம் போனாலும் நெஞ்சு லேசானது போல இருந்தது. "வராமலும் போகலாம். வந்தால் ஆலங்கட்டியாக வந்து இருக்கிற கதிர்களையும் அடிக்கலாம். ஆனால் ஒரு துளியும் விழாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை."

"தெரியாது என்றால் பரவாயில்லை," என்றார் டேல். "தெரியாது என்பதை நம்பித்தான் நான் வருடா வருடம் விதைக்கிறேன். நீங்கள் நிச்சயம் என்றதால்தான் கைவிட்டேன். நாளைக்குக் காலையில் மாடுகளை எடுத்துவிடுகிறேன்."

"கலியாணத்தன்று மழை வந்தால்..."

"வந்தால் முற்றத்தில் முதலில் ஆடுகிறவன் நானாக இருப்பேன். உழவு இயந்திரம் நிற்கிற கொட்டகையைக் காலியாக்கி வைக்கிறேன், அதற்குள் கட்டட்டும்."

குலசேகரம் இதை வசந்தமலருக்கு மெதுவாகச் சொன்னார். கொட்டகையில் தாலி கட்டா என்று அவள் முகம் ஒருமுறை கோணியது, பிறகு பரவாயில்லை என்று கையைக் காட்டினாள். போனை வைக்கலாம் என்று அவர் நினைத்தபோது டேல் மறுபடி பேசினார். குரல் தணிந்திருந்தது.

"சேகர், இன்னொன்று கேட்கவேண்டும். இங்கே பக்கத்து வீட்டுக்குக் காரில்தான் போகவேண்டும். வெஸ்லியின் அம்மாவால் இந்த இடத்தைத் தாங்க முடியவில்லை. அவன் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாள். உங்கள் மகள் லண்டனில் வளர்ந்தவள். அவள் இருப்பாளா?"

மகள் சம்மதம் கேட்ட நாளிலிருந்து குலசேகரத்தையும் வதைத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். வசந்தமலரிடம்கூட அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. வசந்தமலரின் கை அவருடைய தொடையில் வந்து இருந்தது. நுள்ளவில்லை.

"இருப்பாள்," என்றார். "இரண்டு பேரும் நல்லாய் இருப்பார்கள்."

"இது எதிர்வுகூறலா, நல்ல வார்த்தையா?"

"நல்ல வார்த்தைதான் டேல். இதற்கு என்னிடம் எதிர்வுகூறல் இல்லை."



"அப்படியென்றால் அதை இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார் டேல்.

குலசேகரம் இன்னொரு முறை சொன்னார். வசந்தமலரும் போனுக்குக் கிட்டக் குனிந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.