வரம்புமலையில் விட்ட குற்றி

மண் வெட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெட்டும் நிலத்தின் நடுவில் ஒரு துண்டை, மேற்புல்லும் கலையாமல், அப்படியே நிற்க விடுவோம். அதைக் குற்றி என்போம். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதை வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் அதில்தான் நாடா பிடித்துப் பார்ப்பார். பார்த்து முடிந்ததும், குற்றியை விட்டவன் எவனோ அவனே அதை விழுத்த வேண்டும். வேறு கை பட்டால் அடிபிடியில்தான் முடியும். எங்கள் சங்கச் செயலாளர் ஞானசேகரம் ஐயா இப்படியான அடிபிடிகள் பலவற்றைத் தீர்த்து வைத்தவர். வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல.

வரம்புமலையை மலை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். லிங்கநகரைத் தாண்டி உள்துறைமுகப் பக்கம் போனால் பற்றைக்காட்டுக்குள் நிற்கும் ஒரு மேடு. உச்சியைச் சுற்றி வளையமாக ஆளுயர மண்வரம்பு. அதற்கு வெளியே பள்ளம். பள்ளத்துக்கும் வெளியே இன்னொரு தணிந்த வரம்பு. ஒரு பக்கத்தில் மட்டும் வாசல் மாதிரி இடைவெளி. யார் கட்டியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் நேரம் இருக்கவில்லை.

அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் உப்புவெளிக் கரையில் இருந்த எங்கள் குடிசைகளை வாரிக்கொண்டு போனபிறகுதான் நாங்கள் அங்கே ஏறினோம். கீழே நின்றால் காற்று ஆளைத் தள்ளியது. வரம்புக்குள் கால் வைத்ததும் விளக்குக் கொளுத்தலாம் போல இருந்தது. என் மனைவி மக்டலின் நனைந்த பாயை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஆரோ எங்களுக்கெண்டே கட்டி வைச்சிருக்கினம் போல கிடக்கு," என்றாள்.

வரம்பின் உட்பக்கத்தோடு ஒட்டி அடுப்பு வைத்துக் குசினியைப் போட்டோம். பக்கத்துக் குடிசை ஜவாஹிருடையது. கிண்ணியாக்காரன், என்னோடு மண்வேலைக்கு வருகிறவன். அவன் மனைவி றுக்கியாவும் மக்டலினும் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை வைத்துக் கத்தரி போட்டார்கள். கொத்தும்போதெல்லாம் பானை ஓட்டுத் துண்டுகள் வரும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஒருநாள் உடையாத கிண்ணம் ஒன்று வந்தது. மக்டலின் அதைக் கழுவிக் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஞானசேகரம் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்துக் காட்டினவர் அவர். ஓர்ஸ் ஹில்லில் சங்க அறையின் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, வேலை முடிந்து வரும் எங்களுக்குச் சிலேற்றுப் பிடிக்கப் பழக்கினார். என் விரல் வளையாது. சிரிக்காமல் என் கையின் மேல் தன் கையை வைத்து எழுதுவிப்பார். அந்தக் கை சொன்னால் நான் கிணற்றிலும் குதித்திருப்பேன்.

அவர் ஒருநாள் மலையேறி வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"கொழும்பிலையிருந்து ஒரு பெரியவர் வாறார். இந்த வரம்பை ஆர் கட்டினது எண்டு கேப்பார். நாங்கள்தான் புயலுக்குப் பிறகு கட்டினனாங்கள் எண்டு சொல்லுங்கோ. காணியைத் திருத்தினவனுக்குத்தான் பேமிற் குடுப்பினம். விளங்குதோ?"

ஜவாஹிர் வரம்பை அண்ணாந்து பார்த்தான். "இத நாங்க கட்டியிருந்தா ஐயா, எங்கட முதுகெலும்ப இந்த மண்ணுக்குள்ளதான் தேடோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். "பகிடி விடாதை ஜவாஹிர். வீடு வேணுமோ, வேண்டாமோ?"

வேணும். அதைத் தவிர எங்களுக்கு வேறு என்ன வேணும்? காற்றுக்குப் பயப்படாமல் படுக்க ஒரு நிலம், எங்களை எழுப்ப ஏலாது என்று ஒரு பேப்பர், அதுதான் பேமிற். அந்த ஆசையில் என் வாய்தான் முதலில் திறந்தது.

"ஐயா, வாயாலை சொன்னால் காணாது. மண் எடுத்த இடத்தைக் காட்டு எண்டு கேட்டால்? பள்ளத்தைத் துப்பரவாக்கி நடுவிலை ஒரு குற்றி விடுவம். பாத்தவுடனை நேற்றைய வேலை எண்டு நம்புவார்."

ஐயா என் தோளில் தட்டினார். "இதுக்குத்தான் வின்சன்ட் வேணும் எண்டுறது."

பள்ளத்தின் அடியையும் கரையையும் செதுக்கினோம். அந்த மண்ணை வரம்பின் மேல் போட்டு மட்டப்படுத்தினோம். நடுவில் நான் ஒரு குற்றி விட்டேன். ஓட்டுத் துண்டுகளை எல்லாம் அள்ளிக் கடலில் கொட்டச் சொன்னார் ஐயா, கொட்டினோம். கிண்ணத்தை மட்டும் மக்டலின் கொடுக்கவில்லை. கோழி வேறு ஒன்றிலும் குடிக்காதாம்.

வந்த பெரியவர் மெலிந்த மனிதர். தமிழ் தெரியாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரம்பில் ஏறினார். ஒரு சுற்று நடந்தார். திரும்பி வரும்போது முகம் விடிந்திருந்தது. எங்கள் குடிசைகளைக் காட்டி, வரம்பைக் காட்டி, எங்களையும் கையால் வளைத்துக் காட்டி, இங்கிலீசில் நெடுநேரம் சொன்னார். பிறகு ஐயாவின் முகத்தைப் பார்த்தார்.

ஐயா எங்களிடம் திரும்பினார். "இதை ஆர் கட்டினது எண்டு கேக்கிறார்."

"இவ்வளவு நேரமும் இதையா கேட்டாரு?" என்றான் ஜவாஹிர்.

"இங்கிலீசு அப்பிடித்தான். நீட்டித்தான் கேக்கும்."

நாங்கள் சொன்னோம். ஒவ்வொருவனும் தான் கட்டிய துண்டு இது, தன் பங்கு அது என்று கைகாட்டினோம். நான் அவரைப் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குற்றியைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, அதிலிருந்த காய்ப்பைப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று எனக்குச் சந்தோசம்.

போகிற வழியில் கோழித் தண்ணீர் அவர் கண்ணில் பட்டது. குந்தி இருந்து கிண்ணத்தை எடுத்தார். தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். ஐயா மக்டலினை முறைத்தார்.

"சந்தையிலை வாங்கினது," என்றாள் அவள். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஐயா அதை இங்கிலீசாக்கினார். பெரியவர் கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்துக் குடத்தில் அள்ளித் தண்ணீரும் நிரப்பிவிட்டு எழும்பினார். ஜீப் இறங்கிப் போனது.

பேமிற் வரும் என்று நாங்கள் இருந்தோம். வந்தது லொறி. பின்னால் மண் தள்ளும் இயந்திரம். றோட்டுக்குப் போடக் கிறவல் மண் வேண்டுமாம். வரம்பு மண் நல்ல கிறவலாம். றோட்டு வேலையை எடுத்த கொந்தறாத்துக்காரர் சோமசேகரம் முன் ஆசனத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஞானசேகரம் ஐயா.

"கொஞ்ச நாளைக்குக் கீழை இருங்கோ," என்றார் ஐயா, இறங்காமலே. "நான் கதைச்சுப்போட்டன். உங்கள் எல்லாருக்கும் இதிலை வேலை."

லிங்கநகருக்குப் பின்னால், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் ஒரு தாழ்ந்த இடத்தில் எங்களை விட்டார்கள். பேமிற் பிந்துகிறது என்றுதான் நான் மக்டலினுக்குச் சொன்னேன். ஐயா சும்மா பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார் என்றேன். அவள் கோழிக்கு மேடான இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

மலையில் வெட்டுவதற்குத் துண்டு பிரித்தபோது எங்கள் குசினி ஒட்டியிருந்த துண்டை நான் கேட்டு வாங்கினேன். இன்னொருவன் அதில் மண்வெட்டி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலாது. வெட்ட வெட்ட, வரம்புக்குள் மண் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் யாரோ தலையில் சுமந்து வந்து கொட்டிய கூடை. எங்களைப் போன்ற ஆட்கள்தான். நடுவில் குற்றி விட்டேன். அதன் தோளில் எங்கள் அடுப்பின் கல்லும் கரியும் அப்படியே இருந்தன.

ஒரு காலை ஜவாஹிர் பிந்தி வந்தான். மூதூர் லோஞ்ச் படகு வரும் துறையடித் தேத்தண்ணிக் கடையில் ஸஹாப்தீனைக் கண்டானாம். அன்றைக்குப் பெரியவரின் ஜீப்பை ஓட்டி வந்தவன்.

"வின்சன்ட் அண்ண, அவன் என்னயப் பாத்து ஏசுறான். வாற வழியெல்லாம் அந்த சேர் அவனுக்குச் சிங்களத்துல சொல்லிக்கொண்டு வந்தாராம். இது கோயில், கோட்டை எல்லாத்துக்கும் முந்தின ஆக்கள் கட்டின அரண் போல இரிக்கி, பழசு எண்டு எழுதினா ஒருத்தனும் இதுல மண்வெட்டி வைக்க ஏலாது, மேல இரிக்கிற ஆக்களையே காவலுக்கு வைக்கோணும் எண்டு. திரும்பிப் போகக்குள்ள புது வேலை எண்டு புத்தகத்துல எழுதிட்டாராம். 'உங்கட வாயாலயே உங்கட வீட்ட இடிச்சிட்டீங்களேடா, நீயெல்லாம் ஒரு மனிசனா' எண்டு கேக்கிறான்."

நான் அலவாங்குக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அந்த நீண்ட இங்கிலீசு இதுதான். எங்களைக் கையால் வளைத்துக் காட்டியது இதற்குத்தான்.

பின்னேரம் ஓவசியர் நாடாவோடு வந்தார். கூடவே ஐயாவும். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் வெட்டிய கிடங்குக்குள் இறங்கினார். என் குற்றியை அளந்தார்கள்.

"சரி, அளந்தாச்சு. விழுத்து வின்சன்ட்," என்றார் ஐயா.

"அண்டைக்கு வந்த கொழும்புத் துரை என்ன ஐயா சொன்னவர்?"

"எண்டைக்கு?"

"நெடுநேரம் சொன்னாரே. நீங்கள் ஒரு சொல்லிலை எங்களுக்குச் சொன்னீங்கள்."

சுற்றி நின்றவர்களின் மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஐயா எல்லோரையும் பார்த்தார். பிறகு, எழுத்துப் பிழைத்தால் திருத்தும் அதே பொறுமையான குரலில் சொன்னார்.

"அவர் என்னவோ சொன்னார். காவல் வேலை எண்டால் எத்தினை பேருக்குக் குடுப்பாங்கள்? இப்ப எல்லாருக்கும் வேலை இருக்குத்தானே. உங்கடை நன்மைக்குத்தான் செய்தனான். விழுத்து."

நான் அலவாங்கை அவர் காலடியில் வைத்தேன். எறியவில்லை, வைத்தேன்.

"ஜவாஹிர், நீ விழுத்து," என்றார்.

"குற்றி விட்டது நானில்லையே ஐயா," என்றான் ஜவாஹிர்.

வேறு ஒருவரும் அசையவில்லை. ஐயா குனிந்து அலவாங்கைத் தானே எடுத்தார். எனக்கு எழுத்துக் காட்டிய கை அது. இரும்பு அதற்குப் பாரம். ஓங்கிக் குத்தினார். குற்றியில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. இரண்டாம் குத்துக்கு அடுப்புக் கரி உதிர்ந்து அவர் வேட்டியில் கொட்டியது. மூச்சு வாங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அலவாங்கைப் போட்டுவிட்டு ஏறிப் போனார்.

மறுநாள் எனக்கும் ஜவாஹிருக்கும் வேலை இல்லை என்றார்கள். வேறு கூட்டம் கொண்டுவந்தார்கள். அவர்களும் மண்வேலைக்காரர்கள், யாரோ விட்ட குற்றியைத் தொடமாட்டோம் என்று அதைச் சுற்றி வெட்டினார்கள். லொறிகள் வளைந்து போயின. வரம்பு முழுவதும் றோட்டுக்குப் போன பிறகும் குற்றி தனியே நின்றது. எங்கள் புதுக் குடிசை வாசலில் இருந்து பார்த்தால் தெரியும்.

மாரி தொடங்கியதும் முதலில் குற்றியின் புல் சரிந்தது. பிறகு அடுப்புக் கல். மக்டலின் வாசலில் நின்று பார்த்தாள். எங்கள் காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கோழிகளைத் தூக்கிக் கூரைக்குக் கீழே பரணில் விட்டாள். கிண்ணத்தையும் துடைத்து அங்கேயே வைத்தாள்.