துளையில்லாத காது

காது என்னவோ அசல் காதுதான். நிறமும் மடிப்பும் அப்படியே இருந்தன. ரேணுகாம்பாள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஓட்டை எங்கடி?" என்று அலறினாள்.

அவள் மகள் தென்றலுக்குப் பிறவியிலேயே வலது காது இல்லை. இருபத்து நாலு வருஷம் முடியை இறக்கிவிட்டே மறைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை பாலாஜிக்குத் தெரியும். "எங்கம்மாகிட்ட மட்டும் இப்ப வாணாம், கல்யாணம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டான், பெரிய தைரியசாலி! அவன் அம்மா காசியம்மாளோ, குடும்ப வழக்கப்படி, நிச்சயத்தன்று மருமகளுக்குத் தன் கையாலேயே கம்மல் போடுவாள். இன்று நாலு மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து வருகிறார்கள். அதற்காகத்தான் செங்கம் ரோட்டில் ஸ்கேன் கடை வைத்திருக்கும் வேணுவிடம் போனது. அவன் தென்றலின் இடது காதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, சிலிக்கானில் வார்த்துக் கொடுத்திருந்தான்.

ரேணுகாம்பாள் அவனுக்குப் போன் போட்டாள்.

"ஸ்கேன்ல ஓட்டை இருந்தா, படம் சரியா வுழலன்னு நெனச்சி சாஃப்ட்வேரே அடைச்சிடும்க்கா. நானும் கவனிக்கல. நாலு நாள் குடுங்க, வேற செஞ்சி தரேன்."

"நாலு மணிக்கு வராங்கடா, பாவி! பொம்பளப் புள்ளைக்குக் காது குத்தியிருப்பாங்கன்னு தெரியாது?"

"எனக்குத் தெரியும்க்கா. சாஃப்ட்வேருக்குத் தெரியாதே. நீங்களா குத்திடாதீங்க, கிழிஞ்சிடும்."

குத்தாமல் என்ன செய்வாள்? ஊசியை எடுத்தாள். ஊசி சுலபமாக இறங்கியது. கம்மல் நுழைய வேண்டுமே என்று துளையைக் கொஞ்சம் பெரிதாக்கப் பார்த்தாள். அவ்வளவுதான், மடல் இரண்டாகப் பிளந்தது.

"வுடும்மா" என்றாள் தென்றல். வாசலில் வேன் வந்து நின்றது.

காசியம்மாள் நல்ல மனுஷிதான். வந்ததும் மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு இடது காதில் கம்மலை மாட்டினாள்.

"அந்தப் பக்கம் காட்டும்மா."

பாலாஜி தரையைப் பார்த்தான். ரேணுகாம்பாள் பிளந்த காதை முந்தானைக்குள் மறைத்தாள். தென்றல் தானே முடியை ஒதுக்கினாள்.

காசியம்மாள் கத்தவில்லை. கையில் மிச்சமிருந்த கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நான் எங்க போடுவேன்மா?"