நடுமுள் விட்ட குழி

தச்சருக்கு வேலையில் குறை சொன்னால் ஆகாது. பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்ட மனைவி சொன்னாலும் ஆகாது.

தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வேன் என்பது அவள் பிடிவாதம். அவரும் காலையில் பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். எனவே ஒரு பலகையில் கிழமைக்கு ஒன்றாக ஏழு குழி துளைத்துக் கொடுத்தார். அடி தட்டையான குழி. இடக்கை விரலால் துழாவினால் மாத்திரைகள் ஓரத்தில் போய் ஒதுங்கிக்கொண்டன. அதைச் சொன்ன பாவத்துக்கு இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அவருக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. கிண்ணம் மாதிரி அடி உருண்ட குழிதான் வேண்டும். அதற்கென்று கடையில் துளைபோடும் பிட் கிடைக்கவில்லை. அகலமான தட்டை பிட்டை எடுத்து அதன் இரு தோள்களையும் சாணைக்கல்லில் தேய்த்து அரைவட்டமாக்கப் பார்த்தார். முதல் பிட் சூடேறி நீலம் பாய்ந்து முனை மழுங்கியது. இரண்டாவதில் ஒரு தோள் இறங்கிப்போய், துளைக்கும்போது ஆடி மரத்தைப் பிய்த்தது. மூன்றாவதைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, நாணயத்தை வைத்து வளைவு பார்த்து, பொறுமையாகத் தேய்த்தார். பிட்டின் நடுவில் கூராக நீண்டிருக்கும் நடுமுள்ளை மட்டும் தொடவில்லை. அது இல்லாவிட்டால் பிட் ஓரிடத்தில் நிற்காது.

குழிகள் வழவழவென்று வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நடுமுள் விட்ட சின்னப் பள்ளம் இருந்தது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருக்கலாம். அடைத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், வேலையின் அழகு போய்விடும் என்று விட்டுவிட்டார். அவள் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து அந்தப் பலகைதான். வியாழன் மதியம் அவள் சமையலறையில் விழுந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டாளா என்று கேட்டார். மறந்துவிட்டதாக அவள் ஒத்துக்கொண்டாள். டாக்டர் கடிந்துகொண்டார், தச்சரும் சேர்ந்துகொண்டார்.

மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்கு வந்தவர் பலகையைப் பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். பெரிய மாத்திரைகள் ஒன்றும் இல்லை. நான்கு பள்ளத்திலும் அவர் கையால் உடைத்து வைத்த ரத்த அழுத்த அரை மாத்திரை செருகிக்கொண்டு நின்றது. அவருக்கே ஊசியால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

திரும்பிப் போய் அவள் முன்னால் உள்ளங்கையை விரித்தார்.

"நீ மறக்கல. எல்லாம் நான் செஞ்ச கோளாறு."

"முதல் நாளே தெரியும்," என்றாள் குழறலாக. "நெம்பிப் பாத்தேன், வரல. மூணு பிட்ட வீணாக்கிச் செஞ்சீங்க. சொன்னா மறுபடி பேசாம இருப்பீங்க."

கூனிக்குறுகி நின்றார்.

"இனிமே நீங்களே வாயில போட்டுவிட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.