‘வரேன்’ என்று ஒரு வார்த்தை

‘வரேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை. இளங்கோவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனும் அவன் மனைவி தனக்கோடியும் பெங்களூர் தொம்மலூரிலிருந்து ஜட்கா பிடித்தார்கள். விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் புதுக் கடை. தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்யும் ஃபிட்டர்களுக்கு ஒரு வாரமாக அதே பேச்சு. ஹாட் டாக், பார்பெக்யூ! மேஜைத் துணி கிடையாது, சர்வர் கிடையாது. தட்டை நாமே எடுத்துக்கொண்டு, நின்றபடியோ பெஞ்சில் உட்கார்ந்தோ ஜாலியாகத் தின்னலாம்.

“ஹாட் டாக்னா இன்னாங்க?” என்றாள் தனக்கோடி.

“சூடான நாய்.”

“சீ!”

வண்டியோட்டிய அய்யாவு திரும்பாமலே சொன்னான்: “பிஸி நாயி, தாயி! கன்னடத்துல சொன்னா இன்னும் ருசி.”

“நீ குதிரையைப் பாத்து ஓட்டுப்பா. நாளைக்கு அதையும் சூடு பண்ணிடப் போறாங்க.”

மூன்று பேரும் சிரித்தார்கள்.

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஓட்டு வீடு, அதன் முன்னால் வேலி போட்ட முற்றம், நாலைந்து பெஞ்சு. முற்றத்தின் மூலையில், சப்போட்டா மரத்தடியில், ஒரு தகர டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டிருந்தது. அதிலிருந்து நீலமாய்ப் புகை எழுந்து, கிளைக்குள் போய் மறைந்தது.

வாசலருகே கல்லாவில் ஒரு அம்மாள். பெயர் யூனிஸ். வெள்ளைப் புடவை, கழுத்தில் ஜெபமாலை. அவளே உள்ளே போனாள், அவளே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பிளந்த பன், நடுவில் சுட்ட சாஸேஜ், மேலே கடுகு அரைத்த மஞ்சள் விழுது, வெங்காயம்.

“பன்னிக்கறிதாம்மா. நாய் இல்ல. பயப்படாம சாப்பிடு,” என்றாள் யூனிஸ். எத்தனை பேருக்குச் சொன்னாளோ, குரலில் அலுப்பு.

தனக்கோடி முனையைக் கடித்தாள். அப்புறம் முழுசையும் தின்றாள். இளங்கோவனுக்கு ஒன்று போதவில்லை. தட்டோடு எழுந்து மரத்தடிக்குப் போனான்.

தூரத்திலிருந்து தனக்கோடி பார்த்தாள். டிரம்முக்கு முன்னால் நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். யாரோடு? புகைதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது தட்டில் இன்னொரு சாஸேஜ். ஓரம் கருகி, கொழுப்பு சொட்டச் சொட்ட.

“சுடுறவரு செம ஆளுடி. சண்டை டயத்துல அமெரிக்கச் சிப்பாய்ங்க கேம்ப்ல சமையல் பண்ணாராம். அங்க கத்துக்கிட்டாராம்.”

கிளம்பும்போது யூனிஸ் கைகூப்பினாள். “போங்க. நல்லபடியா போங்க.”

தனக்கோடிக்குச் சுருக்கென்றது. கடைக்காரி யாராவது ‘போங்க’ என்பாளா? ‘போயிட்டு வாங்க’ என்றல்லவா சொல்ல வேண்டும்!

இளங்கோவன் அதைக் கவனிக்கவில்லை. மரத்தடியைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

“வரேண்ணே!”

யூனிஸின் கை கூப்பியபடியே நின்றுவிட்டது.

“யார்கிட்டப்பா சொன்னே?”

“அவருகிட்டதாங்க. டிரம்மு கிட்ட நிக்கிறாரே.”

யூனிஸ் மூலைப் பக்கம் திரும்பவேயில்லை. ஜெபமாலையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

மறுநாள் தொழிற்சாலைச் சங்கு ஊதி வெகுநேரமாகியும் இளங்கோவன் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது சட்டையில் புகை நாற்றம்.

“ஓவர்டைம்,” என்றான்.

சோறு போட்டாள். “பசியில்ல.” அதற்கு மறுநாளும் ஓவர்டைம். மறுநாளும் பசியில்ல. கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியை வழித்துத் தின்கிறவன், தட்டைப் பார்க்காமலே எழுந்து போனான். கன்னம் ஒட்டியது. கண்ணைச் சுற்றிக் கரி பூசியது போலக் கறுத்தது.

ஒரு ராத்திரி அவன் தூங்கும்போது கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க வரி வரியாகச் சூட்டுக்கோடு. கம்பி வலையில் வைத்து எடுத்த மாதிரி.

“வலிக்கலையா?” என்று காலையில் கேட்டாள்.

“எது?” என்றான். பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை காலை. கல்யாணம் ஆன நாள் முதலாய், செருப்பை மாட்டிக்கொண்டே ‘போயிட்டு வரேன் தனம்’ என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவான். அன்றும் செருப்பை மாட்டினான்.

“போறேன்,” என்றான்.

“இன்னா சொன்னீங்க?”

“போறேன்னேன்.”

போய்விட்டான். டிபன் கேரியர் மாடத்திலேயே இருந்தது.

அதற்குமேல் அவள் வீட்டில் இருக்கவில்லை.

*

கடை மூடியிருந்தது. முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த யூனிஸ், தனக்கோடியைக் கண்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“வருவேன்னு தெரியும்,” என்றாள்.

“எங்க வீட்டுக்காரரு இங்கதான் வராரா?”

“தினம். சங்கு ஊதினதும்.”

“வந்து?”

யூனிஸ் மூலையைக் காட்டினாள். தனக்கோடி கிட்டப் போய் எட்டிப் பார்த்தாள். டிரம்மின் உட்புறம் புத்தம் புதிதாக, பளபளவென்று இருந்தது. சாம்பல் இல்லை, கரி இல்லை. ஒரு முறைகூட நெருப்புக் காணாத டிரம்.

“நான் புகையைப் பாத்தேனே!”

“எல்லாரும் பாக்கறாங்க. நான் உள்ளாற அடுப்புல சுட்டுத்தான் தட்டுல வெக்கிறேன். இதை இன்னும் யாரும் பத்த வெக்கல.” யூனிஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள். “என் வீட்டுக்காரரு சவரிநாதன். அவரு கையால செஞ்சது இது. கம்பி வலையை மாட்டிட்டு நிமுந்தாரு, அப்பிடியே சாஞ்சுட்டாரு. சவப்பெட்டியை இங்கதான் வெச்சோம். கடை தெறக்கிற நாளை ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அது அவரோட ஆசை. தெறந்துட்டேன். முப்பதாம் நாள் பூசை இன்னும் ஆகல.”

தனக்கோடிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. சாவு வீட்டுக்குப் போனவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். ‘வரேன்’ என்று ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது. எந்தச் சாதியானாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தமிழ் வீடுகளில் அது ஒன்றுதான்.

“அதாம்மா எல்லாருக்கும் ‘போங்க’ன்னு நானே முந்திக்கிறேன். உன் வீட்டுக்காரரு மட்டும் ‘வரேன்’னுட்டாரு. அதுவும் செத்தவரு மூஞ்சியைப் பாத்து.”

“தினமும் வராரே, வெரட்டி உட்டிருக்கலாம் இல்ல? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்ல?”

யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மொத நாள் வெரட்டினேன். அப்போ உன் வீட்டுக்காரரு திரும்பி, ‘யூனி’ன்னு கூப்பிட்டாரு. என்னை அப்பிடிக் கூப்பிட ஒலகத்துல ஒரே ஒரு ஆளுதான்.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்புறம் வெரட்ட மனசு வரலம்மா.”

“காலையில எங்கிட்ட ‘போறேன்’னுட்டுப் போயிட்டாருக்கா.”

யூனிஸின் முகம் வெளுத்தது. “அப்போ இன்னைக்கு வந்தா திரும்ப மாட்டாரு.”

*

சாயங்காலச் சங்கு ஊதியது.

அன்று வாசலில் படலைச் சாத்தி, கடை இல்லையென்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இளங்கோவன் படலைத் தள்ளிக்கொண்டு வந்தான். தனக்கோடி எதிரே நின்றாள். தூணைச் சுற்றிப் போவது போல அவளைச் சுற்றிப் போனான்.

டிரம்மின் முன்னால் நின்று இடுக்கியைக் கையில் எடுத்தான். வெறும் டிரம்முக்குள் செக்கச்செவேல் என்று கனல் தெரிந்தது. புகை கிளம்பியது.

“ஏங்க! வாங்க வீட்டுக்கு!” தோளைப் பிடித்து இழுத்தாள். கல்லை இழுத்த மாதிரி இருந்தது. அவன் சட்டைக்குள் உடம்பு சில்லென்றிருந்தது. உள்ளங்கையில் மட்டும் கொப்புளம் புதிதாய் எழும்பிக்கொண்டிருந்தது.

“யூனி, கடுகு கொண்டா,” என்றான் இளங்கோவன். அவன் குரல் அல்ல. கட்டையான, இருமல் கலந்த குரல்.

யூனிஸ் ஓரடி முன்னால் வைத்தாள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

தனக்கோடி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். “ஊருக்கெல்லாம் ‘போங்க’ன்னு சொல்றியேக்கா, உன் ஆளுக்குச் சொல்ல மட்டும் வாய் வரலையா? பெட்டியைத் தூக்கினப்பவாவது சொன்னியா?”

யூனிஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“உன் புருஷன் போயாச்சு. என் புருஷன் இன்னும் உசுரோட இருக்காரு. அவரைக் குடுத்துடுக்கா!”

கொப்புளம் ஒன்று உடைந்து கம்பியில் சொட்டியது. சுர்ரென்றது. அந்தச் சத்தத்தில் யூனிஸ் திடுக்கிட்டாள். ஜெபமாலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, புகையைப் பார்த்து, ஒரு மனைவி புருஷனிடம் சொல்லவே கூடாத அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“போங்க.”

இடுக்கி கீழே விழுந்தது.

“ஐயோ கை!” என்று அலறினான் இளங்கோவன். இப்போது அவன் குரல். “தனம், நீ எங்கடி இங்க? என் கை இன்னாடி இது?”

“அப்புறம் சொல்றேன். நடங்க.”

படலருகே வந்ததும், பழக்கதோஷம், யூனிஸைப் பார்க்கத் திரும்பினான். வாயைத் திறந்தான். தனக்கோடி எம்பி, உள்ளங்கையால் அவன் வாயை அழுத்திப் பொத்தினாள். மீசை குத்தியது. உதடு அசையவிடாமல், பொத்திய கையை எடுக்காமல், அவனை அப்படியே தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

முதுகுக்குப் பின்னால், முற்றத்திலிருந்து, தெளிவாகக் கேட்டது.

“வரேன், யூனி.”

தனக்கோடி திரும்பவில்லை. கோயில் முனை வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஜட்கா நிறுத்தம் கண்ணில் பட்ட பிறகுதான் கையை எடுத்தாள். இளங்கோவன் மூச்சு வாங்கினான். வெந்த கையை ஊதிக்கொண்டான்.

“பசிக்குதுடி. வீட்டுல இன்னா கொழம்பு?”

அவளுக்கு அழுகை பொங்கியது. “கருவாடு,” என்றாள். “வாங்க, போலாம்.”

நாலடி நடந்தவன் நின்றான். வந்த சந்தைத் திரும்பிப் பார்த்தான். ஓட்டுக் கூரைக்கு மேலே, சப்போட்டா மரத்துக்குள், நீலமாய்ப் புகை எழுந்துகொண்டிருந்தது.

“தனம்... என் வாயைத்தான் நீ பொத்திட்டிருந்தியே. அப்புறம் யாருடி ‘வரேன்’னது?”