சப்பென்ற தண்ணீர்

குழாயைத் திறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. காலனிப் பெண்கள் விடியுமுன்பே வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு ஒரு குடமும் வரவில்லை. நான்கு குழாய்களில் மூன்றின் கீழே சிமெண்டுத் தரை காய்ந்து வெளுத்திருந்தது.

மதிவதனி மிசின் அறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் குவளையில் பிடித்த தண்ணீருக்குள் உப்பை அளக்கும் மீட்டரின் முனையைத் தோய்த்தாள். நேற்றைய எண்தான். நல்ல தண்ணீர். மீதியைக் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே இந்தக் கரட்டுப்பாளையத்தில் எல்லாக் கிணறும் உப்பு. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. அதனால்தான் கோயமுத்தூர் ஆய்வு மையம் இந்த உப்பு நீக்கும் இயந்திரத்தை இங்கே வைத்தது. பம்பு ஒரு நாட்டுக்காரர்கள் கொடுத்தது. தண்ணீரை வடிக்கும் சவ்வு இன்னொரு நாட்டுக்காரர்கள் கொடுத்தது. கொட்டகை ஊராட்சியுடையது. சுவரில் நீல எழுத்தில் 'வளரும் நாடுகளின் அறிவியல் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம், 1994' என்று எழுதியிருந்தது. ஊரில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மிசின் தண்ணி என்பார்கள்.

முதலில் மிசினை ஓட்டியவன் அழகிரிசாமி, பக்கத்து ஊர்க்காரன். அப்போது பொழுது சாய்ந்தால் ஊரே வரிசையில் நிற்குமாம். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அதே வாரத்தில் பழைய சவ்வைக் கழற்றிப் புதியதைப் போட்டார்கள். அதே வாரத்தில்தான் பி.எஸ்சி. வேதியியல் முடித்த மதிவதனி அவன் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அடுத்த மாதமே தண்ணீர்ச் செலவு பாதியாகிவிட்டது. அதற்கடுத்த மாதம் காலனி எடுப்பது மட்டும்தான் மிஞ்சியது.

திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் சுந்தரராஜுலு நல்ல மனிதர். மதிவதனியை மகளைப்போல நடத்துவார். ஊருக்குள் நாலு வீடு விசாரித்துவிட்டு வந்து, "தண்ணி சப்புன்னு இருக்காம்மா. புது மெம்பரேன் இருக்கிற உப்பையெல்லாம் உறிஞ்சுடுது" என்றார். ருசி ஏற்றுவதற்காகச் சுண்ணாம்புக் கல் நிரப்பிய உருளை ஒன்றைக் கொண்டுவந்து குழாயோடு பொருத்தினார். ஊருக்குள்ளிருந்து ஒருவரும் வரவில்லை. இன்னொரு வகைக் கல்லைக் கொண்டுவந்தார். அப்போதும் வரவில்லை.

இன்று ஐந்து நாட்டு நீர்த்துறை ஆட்கள் பார்க்க வருகிறார்கள். மக்கள் எடுக்காத இடத்தில் மிசின் இருக்கக்கூடாது என்று அவர்கள் முடிவு செய்தால் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சுந்தரராஜுலு போன வாரமே சொல்லிவிட்டார். மதிவதனியின் வேலை மிசினோடு ஒட்டியது. அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குக் காலனியிலிருந்து பழனியாத்தாள் இரண்டாவது நடையாக வந்தாள்.

"இன்னிக்குத்தான் வாராங்களாமா?"

"ஆமாங்கக்கா."

"ஊருக்காரங்க எடுக்காட்டி எங்களுக்குன்னு மட்டும் ஓட்டுவாங்களா கண்ணு?"

மதிவதனி குழாயைத் திருகினாள். குடம் நிறைகிற சத்தம் மேலே ஏறிக்கொண்டே வந்தது.

"ஏன் எடுக்கறதில்லைன்னு உங்கய்யாவுக்கு நெசமாவே தெரியாதா?"

"சப்புன்னு இருக்குதுன்னு நெனச்சுட்டிருக்காருங்கக்கா."

பழனியாத்தாள் சிரித்துவிட்டாள். "அது செரி! நாக்கு எங்களுக்கும் ஒன்னுதான இருக்குது. எங்களுக்கு இனிக்குது." சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள். "நீ வாயத் தொறந்துபோடாத கண்ணு. சொல்லிப்போட்டு நீ பஸ் ஏறிருவ. நாங்க நாளைக்கும் அவுங்க காட்டுக்குத்தான் களை வெட்டப் போவோணும்." நாலடி நடந்தவள் நின்றாள். "சொல்லாட்டியும் கழட்டிட்டுத்தான் போவாங்க. அதுவும் இருக்குது." குடத்தோடு போய்விட்டாள்.

வந்த முதல் நாள் மதிவதனிக்கு நினைவிருந்தது. பெரிய தோட்டத்து நாச்சியம்மாள் தானே குடத்தோடு வந்திருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, புதுசா வந்திருக்கீங்களாட்ட. ஊரு எதுங்க?"

"ஆனைமலைங்க."

"அட, மாசாணியம்மனுக்கு வருசாவருசம் வருவமுங்க. அப்பா என்ன பண்றாருங்க?"

"தோப்புக் காவலுங்க."

"ஊருக்குள்ள எந்த வளவுங்க?" தெருவைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

மதிவதனி சொன்னாள்.

நாச்சியம்மாளின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "வெயில் என்னமா காயுது பாருங்க" என்றாள். நிறைந்த குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிப் போனாள். அவள் தோட்டத்து வேலியோரம் நின்று, குடத்தை மாட்டுத் தொட்டிக்குள் சரித்ததை மதிவதனி அறை வாசலிலிருந்து பார்த்தாள். எருமை ஒன்று வந்து குடித்தது.

மறுநாள் பெரிய தோட்டத்திலிருந்து சீவிய இளநீர் ஒன்று வந்தது. அதன்பிறகு அவள் எந்த வேலையாக அந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் இளநீர்தான். குடித்துவிட்டுக் கூட்டை எருக்குழியில் போட்டுவிடலாம். யாரும் அவளிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வாடகைக்கு வீடு கேட்டபோதுகூட, "காலி இருந்தாக் குடுக்கறதுக்கென்னங்க அம்மணி" என்றுதான் சொன்னார்கள். பூட்டிக் கிடந்த மூன்று வீடுகளைக் கடந்து நடந்து வந்தாள். மிசின் அறைக்குப் பின்னால் சாக்கு மூட்டைகள் வைத்திருந்த இடத்தைக் கூட்டிக் கழுவி அங்கேயே தங்கிக்கொண்டாள். பம்பு ஓடும்வரை ஒரு துணை இருப்பதுபோல இருக்கும். நிறுத்தியதும் தன் மூச்சு தனக்கே கேட்கும்.

பதினொரு மணிக்கு இரண்டு வேன்கள் வந்தன. மிசினைப் பார்த்து முடித்தவர்களுக்காகப் பெரிய தோட்டத்து வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாச்சியம்மாளின் கணவர் சுப்பண்ணன் வெள்ளை வேட்டியில் எல்லோரையும் கைகூப்பி உட்காரவைத்தார். ஊர்க்காரர்கள் கயிற்றுக் கட்டில்களில் இருந்தார்கள். மதிவதனிக்கு நாற்காலி இல்லை. அவள் மரத்தோரம் நின்றாள்.

"நீயே மொழிபெயர்த்துடும்மா. உனக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும்" என்றார் சுந்தரராஜுலு.

கென்யாவிலிருந்து வந்திருந்த பருத்த அம்மாள் கேள்வி கேட்டாள். தண்ணீரை ஏன் எடுப்பதில்லை? மதிவதனி தமிழில் கேட்டாள்.

"தண்ணிக்கென்னங்க, நல்ல தண்ணிதான்" என்றார் சுப்பண்ணன். "குடிக்கறதுக்குத்தான் சப்புன்னு இருக்குதுங்க."

"வாய் கொப்புளிச்சாத் துப்புனமா முழுங்குனமான்னே தெரியறதில்லீங்" என்றார் கட்டிலில் இருந்த ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். மதிவதனி அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். வந்தவர்களும் சிரித்தார்கள்.

முன்பு அழகிரிசாமி ஓட்டியபோது எப்படி இருந்தது என்று அந்த அம்மாள் அடுத்துக் கேட்டாள்.

"அப்ப நல்லா இருந்துச்சுங்க. அவன் போனதுக்கப்புறம்தானுங்க ருசி மாறிப்போச்சு" என்றார் சுப்பண்ணன்.

மதிவதனி அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னாள். சுந்தரராஜுலு தலையசைத்து, அப்போதுதான் சவ்வை மாற்றியதாக விளக்கினார். கென்யா அம்மாள் தன் பாட்டிலில் பிடித்து வந்த மிசின் தண்ணீரை மறுபடியும் ஒரு வாய் குடித்தாள். "எங்கள் மலைத் தண்ணீர் போலத்தான் இருக்கிறது" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். பக்கத்திலிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். மக்கள் ஏற்கவில்லை, காரணம் சுவை என்று அவர்களுக்குள் பேசி முடித்தார்கள். அடுத்த மாதம் கழற்றிவிடலாம். சுந்தரராஜுலு மதிவதனியைப் பார்க்காமல் சரி என்றார்.

"வந்திருக்கற ஒரம்பரைக்கு மோரு கொண்டாங்க" என்று சுப்பண்ணன் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

நாச்சியம்மாள் பெரிய தட்டில் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக் கொண்டுவந்தாள். மோரில் கொத்தமல்லித்தழை மிதந்தது. கென்யா அம்மாளுக்கு முதலில் கொடுத்தாள். பிறகு மற்ற நாட்டுக்காரர்களுக்கு, சுந்தரராஜுலுவுக்கு, வேன் டிரைவர் சீனிவாசலுவைக் கூப்பிட்டு அவருக்கு. தட்டு காலியானது. தோட்டத்து ஆள் கருப்புசாமி மரத்தைச் சுற்றி வந்து, சீவிய இளநீர் ஒன்றை மதிவதனியிடம் நீட்டினான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வாங்கிக்கொண்டாள். கனமான காய். விளிம்புவரை தண்ணீர் இருந்தது. கீழே வைத்தால் சாய்ந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கென்யா அம்மாள் டம்ளருக்கு மேலாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். "எங்களுக்கெல்லாம் மோர், உனக்கு மட்டும் இளநீரா? உன்மேல்தான் இவர்களுக்குப் பிரியம் அதிகம்" என்றாள் ஆங்கிலத்தில்.

"என்ன சொல்றாங்க அம்மணி?" என்று கேட்டாள் நாச்சியம்மாள், தட்டை மார்போடு அணைத்தபடி.

மதிவதனி கென்யா அம்மாளின் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொன்னாள். குரல் உயரவில்லை.

கென்யா அம்மாள் டம்ளரை மடியில் இறக்கினாள். மற்றவர்களும் குடிப்பதை நிறுத்தினார்கள். சுந்தரராஜுலு தன் கையிலிருந்த மோரைப் பார்த்தார். பிறகு இளநீரைப் பார்த்தார். வேப்பம்பழம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

சுப்பண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்னங்க அம்மணி சொன்னீங்க? எங்களுக்கும் சொன்னாத்தானுங்க தெரியும்" என்றார், எப்போதும்போல மரியாதையாக.

இரண்டு பக்கமும் சொல்வதுதான் அன்று அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. இளநீர் தளும்பி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"தண்ணியில கொறை இல்லீங்க. தொறந்து உடறது நானுங்கறதாலதான் நீங்க குடிக்கறதில்லைன்னு சொன்னேனுங்க. உங்கூட்டு டம்ளரை நான் தொடக்கூடாதுன்னுதான் இந்த எளநியும்னு சொன்னேனுங்க."