மூன்று மரைகள்

என் கொழுந்தனுக்கு இரும்பும் ஒன்றுதான், அலுமினியமும் ஒன்றுதான். எதைக் கண்டாலும் ஸ்பேனரில் தொங்குவான். அன்றைக்கு அவன் தொங்கியது ஒரு டாக்ஸியின் டர்போவில். காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளும் அந்தச் சாமானின் அலுமினியக் கூட்டில், காற்று நுழையும் வாயைச் சுற்றி நாலு போல்ட். அதில் மூன்றைப் பிடிக்கும் மரைகளை, ஓட்டைக்குள் இருக்கும் திருகு வரிகளை, இறுக்கி இறுக்கியே அழித்துவிட்டான். விரலால் இழுத்தால் போல்ட் கையோடு வந்தது.

"மட்டமான வார்ப்பு அண்ணி," என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

என் வீட்டுக்காரர் முதுகுத்தண்டு விலகிப் படுத்து ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து பட்டறையில் அவருடைய வேலை மேசை முன்னால் நான்தான் நிற்கிறேன். கடைசல், மரை போடுவது எல்லாம் அவரிடம் கற்றுக்கொண்டதுதான். கொழுந்தனுக்கு நான் கண்ணில் விழுந்த தூசி. இந்த டாக்ஸியின் சொந்தக்காரரிடம் பதினோரு வண்டிகள் இருந்தன. மற்ற பத்தும் எங்களிடம் வருமா என்பது இந்த ஒன்றைப் பொறுத்தது. "இது சொதப்புச்சுன்னா நீங்க வீட்டோட இருந்துக்குங்க அண்ணி. அண்ணனப் பாத்துக்கவும் ஆள் வேணும்ல," என்று காலையிலேயே சொல்லிவிட்டான். அண்ணன்மேல் திடீரென்று அவ்வளவு பாசம்.

அதோடு விட்டானா? டாக்ஸிக்காரரிடம் போய், "எங்க அண்ணிக்குக் கொஞ்சம் முரட்டுக் கை சார். அவங்களே சரி பண்ணிடுவாங்க," என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வந்தவர் முன்னால் சண்டை போட்டால் வேலையே போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கூட்டைக் கழட்டி மேசைக்குக் கொண்டாங்க," என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல. வண்டியில வெச்சே போடுங்க," என்றான்.

டாக்ஸிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வேறு வழியில்லாமல் டர்போவின் வாயில் துணியைத் திணித்தேன். உலோகச் சீவல்கள் ஒட்டிக்கொள்ளத் துளைக்கும் கருவியின் முனையில் கிரீஸ் தடவி, ஓட்டைகளைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, ஒவ்வொன்றிலும் எஃகுக் கம்பிச் சுருளை இறக்கினேன். சுருளின் அடியில் கருவி பிடித்துத் திருக ஒரு சின்ன வால் இருக்கும். சுருள் உட்கார்ந்ததும் அந்த வாலை முறித்து வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த ஓட்டைகள் கூட்டின் உள்பக்கம்வரை போயின. முறித்த வால்களை ஒரு டப்பா மூடியில் போட்டுவந்தேன்.

மூன்றாவது வாலை முறித்த கையோடு, அதை வெளியே எடுப்பதற்குள், கொழுந்தன் என்னை இடித்துக்கொண்டு வந்து துணியை உருவினான். "முடிஞ்சுதுல்ல? நகருங்க." காற்றுக் குழாயைச் செருகி, போல்ட்டுகளை மாட்டிவிட்டு வண்டியில் ஏறினான். நான் மூடியைப் பார்த்தேன். இரண்டு வால்தான் இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க! ஒரு வால் உள்ள விழுந்திருக்கு."

"தரையில எங்கயாவது கெடக்கும். சும்மா பயம் காட்டாதீங்க."

உள்ளே இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் முறை சுற்றுவது. நகத்துணுக்கு அளவு எஃகு பட்டாலும் அதன் இறக்கைகள் தூளாகிவிடும். ஆகட்டுமே, இவன் கையாலேயே நாசமாகட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் பழி என் பெயரில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினேன்.

"பாருங்க சார், காரியத்தக் கெடுக்கறதே இவங்களுக்கு வேலை!" என்று கத்தினான்.

"என்னம்மா இது? ரெண்டு மணிக்கு வண்டி ஓடணும்," என்றார் டாக்ஸிக்காரர். அவருக்கும் முகம் சிவந்திருந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க சார். இல்லேன்னா பத்து நாள் ஓடாது."

குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து, வளைத்த கம்பி நுனியில் கிரீஸ் தொட்டு உள்ளே துழாவினேன். சக்கரத்தின் அடியில் அது கிடந்தது. ஒட்டி எடுத்து டாக்ஸிக்காரரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான். "பாத்தீங்களா சார்! வால எண்ணிப் பாக்காம வண்டிய எடுக்கக் கூடாதுன்னு இவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவன் தோட்டத்தையே மறைத்தான். டாக்ஸிக்காரர் தலையாட்டினார்.

"நல்லது. மொத்தம் எத்தனை இருக்கணும்?"

"நாலு சார். நாலு போல்ட்டு, நாலு வாலு."

டாக்ஸிக்காரர் கையிலிருந்ததை மூடியில் போட்டு விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். "மூணுதானே இருக்கு? அப்ப இன்னொண்ணு உள்ளயே கெடக்கா?"

கொழுந்தன் மூடியைப் பார்த்தான், டர்போவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"அண்ணி... நீங்களே சொல்லுங்க அண்ணி," என்றான்.

சொன்னேன். "மூணுதான் சார். நாலாவது மரைய இவரு இன்னும் கெடுக்கல."

டாக்ஸிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாவிக்காக என்னிடம் கையை நீட்டினார்.

"மத்த பத்தும் வரும்மா," என்றார். "இவரு கை மட்டும் படக் கூடாது."