பட்டியலில் இல்லாத வாக்கியம்

நர்சின் ஆய்வேட்டில் முப்பத்து நான்கு சதவீதம் திருட்டு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை.

ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் டீச்சருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சிவப்புக் கோடிட்ட அத்தனை வாக்கியங்களும் அவள் கொடுத்தவை. 'முந்தைய ஆய்வுகள் சுட்டுவதுபோல', 'இதன் அடிப்படையில் நோக்குமிடத்து' என்று எண்பது வாக்கியங்களை நான்கு பக்கத்தில் அச்சடித்து ஆறு வருடமாக வகுப்பில் கொடுத்து வந்தாள். எல்லா ஆய்வாளர்களும் புழங்கும் பொதுச் சொத்து, கூசாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவளும் அவள்தான். நீ ஏன் தலையைக் கொடுக்கிறாய் என்றார் அவள் கணவர். அவள் ஆய்வேட்டோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் எழுந்து, நடந்துகொண்டே படித்தாள்.

நர்ஸ் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். இருபது வருடம் வார்டில் நின்றுவிட்டுப் படிக்க வந்தவள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தால் முதுகுப்புண் குறையுமா என்பதுதான் ஆய்வு.

முடிவுகளைச் சொல்லும் நான்காவது அத்தியாயத்தில் டீச்சரின் விரல் நின்றது. 'எதிர்பார்த்தவாறே புண்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தன.' அதற்கு மேலிருந்த அட்டவணையிலோ, மூன்றாவது வார்டில் புண்கள் கூடியிருந்தன. உடனே போன் செய்தாள்.

"அக்கா, மூணாவது வார்டுல கூடியிருக்கே?"

"ஆமா டீச்சர். அங்க முப்பது பேருக்கு ரெண்டு நர்ஸ்தான். புரட்டினதா சார்ட்டுல டிக் மட்டும் விழும்."

"அத ஏன் எழுதல?"

"நீங்க குடுத்த லிஸ்ட்ல, குறையலன்னு சொல்ல ஒரு வாக்கியமும் இல்லையே."

டீச்சர் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தாள். எண்பதும் ஜெயித்தவர்கள் பேசும் பேச்சு.

மறுநாள் விசாரணைக் குழு உறுப்பினர்கள் எழுதிய கட்டுரைகளையே கொண்டுபோய், அதே வாக்கியங்கள் அவற்றிலும் இருப்பதைக் காட்டினாள். திருட்டுப் புகார் பத்து நிமிடத்தில் அடிபட்டுப் போனது. குழுத் தலைவர் கோப்பை மூடும்போது, நான்காவது அத்தியாயம் பொய் என்றாள் நர்ஸ். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. திருத்தி எழுத அவளுக்கு மூன்று மாதம் கிடைத்தது. பட்டியல் கொடுத்ததற்காக டீச்சருக்கு எச்சரிக்கைக் கடிதம்.

அடுத்த வகுப்பில் டீச்சர் பட்டியலைக் கொடுக்கவில்லை. ஆய்வில் கண்டதைப் பக்கத்திலிருப்பவரிடம் வாயால் சொல்லுங்கள், அவருக்குப் புரிந்த பிறகு அதற்குப் பொருந்தும் வாக்கியத்தைப் பிறர் கட்டுரைகளில் தேடுங்கள் என்றாள். வகுப்பு நன்றாகத்தான் போனது. ஆனால் ஏற்கெனவே அந்தப் பட்டியலோடு போனவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள்.

மதியம் நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைக் கேட்டாள். யாருடையது வேண்டும் என்றார் நூலகர்.

"ஆறு வருஷத்துல வந்தது எல்லாத்தையும் எடுங்க சார்," என்றாள். முதல் கட்டு மேசைக்கு வந்ததும், நின்றபடியே மேலிருந்த ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தைப் பிரித்தாள்.